‘அரசியல் கைதி’ என்ற சொல் இல்லாத ஏடுகளில் அரசியல் கைதியைத் தேடுவது எப்படி

தாத்தாவோ, தாத்தாவின் தம்பியோ, ஊரில் ‘தியாகி வீடு’ என்று இன்றும் அடையாளம் சொல்லப்படும் வீட்டுக்காரரோ வெள்ளையர் ஆட்சியில் சிறைக்குப் போனவர் என்ற செய்தி தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. எந்த ஆண்டு, எந்தச் சிறை, என்ன குற்றச்சாட்டு, எத்தனை மாதம் என்று அடுத்த கேள்விகளைக் கேட்டால் அங்கேயே பேச்சு நின்றுவிடும். பெருந்தலைவர்களின் சிறைவாசம் நாள் கணக்காக எழுதப்பட்டிருக்கிறது. அவர்களோடு அதே கொட்டடியில் களி தின்ற நெசவாளியும் விவசாயக் கூலியும் கடைச் சிப்பந்தியும் பெரும்பாலும் எழுதப்படாமலேயே போனார்கள். அவர்களில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, ஆதாரத்தோடு அவர் வரலாற்றை எழுத விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி. சென்னை மாகாணத்தை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு செய்தியைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ‘அரசியல் கைதி’ என்று ஒரு வகையினர் இருப்பதைச் சட்டத்தில் ஒப்புக்கொள்ளக் காலனி அரசு இறுதிவரை தயங்கியது. ஒப்புக்கொண்டால் தன் ஆட்சியை எதிர்ப்பது குற்றம் அல்ல, அரசியல் என்று தானே சொன்னதாகிவிடும் என்பதே காரணம். ஆகவே அந்தச் சொல்லைக் கொண்டு சிறைப் பதிவேட்டைப் புரட்டுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஏட்டில் இருப்பது ஒரு கைதி எண், தகப்பன் பெயர், சாதி, ஊர், சட்டப் பிரிவு, தண்டனை, விடுதலை நாள் ஆகியவை மட்டுமே. அவர் திருடரா தொண்டரா என்பதை அந்தப் பிரிவு எண்ணிலிருந்தும் தேதியிலிருந்தும் நாம்தான் படித்தறிய வேண்டும்.

வீட்டில் தொடங்க வேண்டிய வேலை

ஆவணக்காப்பகத்துக்குப் போகும் ஆவலை முதலில் அடக்கிக்கொண்டு, வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். 1972-ஆம் ஆண்டு, விடுதலையின் வெள்ளிவிழாவை ஒட்டி இந்திய அரசு வழங்கிய தாமிரப் பட்டயம் இருக்கலாம். தியாகி ஓய்வூதிய ஆணை, கருவூலத்தின் ஓய்வூதியப் புத்தகம், சிறைக் கண்காணிப்பாளர் தந்த சிறைவாசச் சான்று, உடன் இருந்தவர் எழுதிக் கொடுத்த சக கைதிச் சான்று ஆகிய எதுவானாலும் அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் உங்களுக்கு ஒரு திறவுகோல். பெட்டியில் எதுவும் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் ‘தியாகி’ என்று அச்சிட்டிருப்பதுகூட, குடும்பம் அந்த நினைவை எப்போதிருந்து சுமந்து வருகிறது என்பதைக் காட்டும்.

பிறகு வயதானவர்களிடம் பேசுங்கள். ‘தாத்தா 1930-ல்தானே சிறைக்குப் போனார்?’ என்று விடையை நாமே எடுத்துக் கொடுத்துக் கேட்டால், அவர்கள் மரியாதைக்காகவாவது ‘ஆமாம்’ என்பார்கள். மாறாக, அவர் சிறையில் இருந்தபோது வீட்டில் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், அறுவடையை யார் பார்த்தார்கள், அவரோடு ஊரிலிருந்து வேறு யார் போனார்கள், திரும்பி வந்தபோது எந்த ரயிலடியில் இறங்கினார் என்று கேளுங்கள். பெரியவர்கள் ஆங்கில ஆண்டைச் சொல்லாமல் தமிழ் வருடப் பெயரைச் சொல்லக்கூடும்: பிரமோதூத என்றால் 1930–31, சித்திரபானு என்றால் 1942–43. ‘அலிப்புரம்’ என்ற ஒரே சொல் நினைவில் நின்றிருந்தாலும் போதும், அது பெல்லாரியிலிருந்த முகாம் சிறை என்று உடனே தெரிந்துவிடும். உடன் போனவர்களின் பெயர்களை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வழக்கில் பத்துப் பேர் சேர்ந்து தண்டிக்கப்பட்டிருந்தால், உங்கள் தாத்தாவின் பெயர் ஏட்டில் சிதைந்திருந்தாலும் மற்ற ஒன்பது பெயர்களில் ஏதோ ஒன்று சரியாக இருக்கும்.

காலத்தை நிறுவுதல்

அரசியல் சிறைவாசம் எல்லா ஆண்டுகளிலும் ஒரே அளவில் நிகழவில்லை. அலை அலையாக வந்தது. உங்கள் குடும்பக் கதை எந்த அலையைச் சேர்ந்தது என்று தெரிந்தால் பாதித் தேடல் முடிந்துவிடும்.

மிகப் பழைய அலை பாளையக்காரர் போர்களை ஒட்டியது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பி மீண்டும் போரைத் தொடங்கினார். அது ஒடுக்கப்பட்ட பின், 1802-ல் சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையணத் தேவரும் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் உள்ளிட்ட 73 பேர் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். வேலூர்க் கோட்டையில் திப்புவின் குடும்பத்தார் 1806 கிளர்ச்சி வரையிலும், கண்டியின் கடைசி அரசர் 1816 முதல் 1832-ல் இறக்கும் வரையிலும் காவலில் இருந்ததும் இதே வகை. இவர்கள் மீது வழக்கு விசாரணை நடக்கவில்லை. இப்படி விசாரணையின்றி அடைத்துவைப்பதற்கு வங்காளத்தில் 1818-ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குமுறையும், சென்னையில் 1819-ஆம் ஆண்டின் இரண்டாம் ஒழுங்குமுறையும் சட்ட உருவம் கொடுத்தன. அப்படி அடைக்கப்பட்டவர்களுக்கு ‘ராஜாங்கக் கைதி’ என்று பெயர்.

சுதேசி இயக்க அலை 1908-லிருந்து தொடங்குகிறது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதும், மறுநாள் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் எழுந்த கிளர்ச்சியும், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்ட 14 பேர் மீது நடந்த சதி வழக்கும் இதில் அடங்கும். இக்காலத்துக் கைதிகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒவ்வொருவரைப் பற்றியும் காவல்துறை பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறது.

எண்ணிக்கை பெருகுவது ஒத்துழையாமையில், அதாவது 1920–22-ல். உப்புப் போராட்டமும் அதைத் தொடர்ந்த சட்டமறுப்பும் 1930 முதல் 1934 வரை நீண்டன. ராஜாஜி 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்டு மாத இறுதியில் வேதாரண்யத்தில் உப்பெடுத்தது இதன் நடுப்புள்ளி. தனிநபர் சத்தியாக்கிரகம் 1940 அக்டோபரில் தொடங்கி 1941 முழுவதும் நடந்தது. 1942 ஆகஸ்டுக்குப் பின் வந்தது எல்லாவற்றிலும் பெரிய அலை. குடும்பக் கதையில் தந்திக் கம்பி, தண்டவாளம், தபாலாபீஸ் என்ற சொற்கள் வந்தால் அது ஏறக்குறைய நிச்சயமாக 1942. கள்ளுக்கடை, அந்நியத் துணிக்கடை என்று வந்தால் 1921-ஆகவும் இருக்கலாம், 1930–32-ஆகவும் இருக்கலாம். மலேயா, பர்மா என்று வந்தால் அது இந்திய தேசிய ராணுவம். அவர்கள் போர்க்கைதி முகாம்களில் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரிக்கப்பட்டவர்கள் என்பதால், அவர்கள் பெயரைச் சென்னை மாகாணச் சிறை ஏடுகளில் தேடிப் பயனில்லை.

பிரிவு எண்ணைப் படித்தல்

இந்த வேலையில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது இதுதான். ஒரு தாளில் பெயர் கிடைத்தவுடன் மகிழ்ச்சியில் அடுத்த தாளுக்குப் போய்விடாமல், அந்தப் பெயருக்கு எதிரே இருக்கும் சட்டப் பிரிவைப் பாருங்கள்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ என்றால் ராஜத்துரோகம். இந்தப் பிரிவு 1870-ல் சேர்க்கப்பட்டது. பேச்சாளர்களும் பத்திரிகையாசிரியர்களுமே பெரும்பாலும் இதில் சிக்கியவர்கள். 121 அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல். 121-ஏ அதற்கான சதி. 1898-ல் வந்த 153-ஏ வகுப்புகளுக்கிடையே பகைமை மூட்டுதல். இவை அரசியல் வழக்குகள் என்பதில் யாருக்கும் ஐயம் எழாது.

ஆனால் கிராமத்துத் தொண்டர் இந்தப் பெரிய பிரிவுகளில் அகப்பட்டது குறைவு. அவர்மேல் போடப்பட்டது 143, அதாவது சட்டவிரோதமான கூட்டத்தில் இருந்தது; 145, கலையச் சொல்லியும் கலையாதது; 188, அதிகாரியின் உத்தரவை மீறியது; 117, பலரைக் குற்றம் செய்யத் தூண்டியது, உப்புக் காலத்தில் இதற்கு உப்புச் சட்டத்தை மீறச் சொல்லிப் பேசியது என்று பொருள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவுத் தடையாணை முதலில் வரும்; அதை மீறியதற்கு 188 பின்னால் வரும். அதே சட்டத்தின் 108-ஆம் பிரிவில் நன்னடத்தைக்கு ஜாமீன் கேட்பார்கள். ஜாமீன் கொடுப்பது தன்மானத்துக்கு இழுக்கு என்று மறுத்துச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. அவர்களது ஏட்டில் ‘குற்றம்’ என்ற ஒன்றே இராது, ‘ஜாமீன் தரத் தவறியவர்’ என்றுதான் இருக்கும்.

1908-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தின் 17(1), 17(2) என்ற குறிப்பைக் கண்டால் அங்கே நின்று கவனியுங்கள். காங்கிரஸ் கமிட்டிகள் சட்டவிரோத அமைப்புகள் என்று அறிவிக்கப்பட்ட காலத்தில் உறுப்பினராக இருப்பதே 17(1)-இன்படி குற்றம், அதற்கு அதிகபட்சம் 6 மாதம்; நடத்துவதற்கு 17(2)-இன்படி 3 ஆண்டு வரை. குடும்பங்களில் ‘ஆறு மாசம் ஜெயில்’ என்று திரும்பத் திரும்பக் கேட்கும் கணக்குக்கு ஒரு காரணம் இதில் இருக்கிறது.

போர்க்காலத்தில் வந்த இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 26-ஆம் விதி விசாரணையில்லாக் காவலுக்கானது. 129-ஆம் விதி சந்தேகத்தின் பேரில் கைது செய்வதற்கானது. இவற்றில் அடைபட்டவர் ‘பாதுகாப்புக் கைதி’. அவருக்குத் தீர்ப்பு இல்லை, வழக்கு எண் இல்லை, தண்டனைக் காலமும் இல்லை. 26-ஆம் விதி செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1943-ல் தீர்ப்பளித்த பிறகும் அரசு உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்து அவர்களை உள்ளேயே வைத்துக்கொண்டது.

எல்லாவற்றிலும் கடினமானது 1942-க்குப் பின் வரும் ஏடுகள். கம்பி அறுத்தவர் 379-இல் திருடராகவும், கட்டடத்துக்குத் தீ வைத்தவர் 436-இல் தீ வைப்பாளராகவும், கூட்டமாகப் போனவர்கள் 395-இல் கொள்ளைக்காரர்களாகவும் எழுதப்பட்டிருப்பார்கள். குலசேகரப்பட்டினத்தில் உப்பளத்து அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கில் ராஜகோபாலனுக்கும் காசிராஜனுக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் குறைக்கப்பட்டது நாடறிந்த செய்தி. ஏட்டில் அதுவும் ஒரு கொலை வழக்குதான். ஆகவே தாத்தாவின் பெயருக்கு எதிரே 379 என்று கண்டால் அதிர்ந்து தாளை மூடிவிடாதீர்கள். தேதியையும் ஊரையும் உடன் தண்டிக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதே வேளையில் 1942 ஆகஸ்டில் நடந்த ஒவ்வொரு திருட்டையும் போராட்டமாக மாற்றிவிடுவதும் தவறு. ஊர்க்கதையும் ஏடும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் சந்தித்தால் மட்டுமே உறுதியாக எழுதலாம்.

ஏ, பி, சி

‘தாத்தா சி கிளாஸ்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். சாதாரணமாகச் சொல்லப்படும் இந்தச் சொல்லின் பின்னால் ஓர் உயிர்த்தியாகம் இருக்கிறது. லாகூர்ச் சிறையில் அரசியல் கைதிகளை மனிதராக நடத்தக் கோரி 63 நாள் உண்ணாவிரதம் இருந்த ஜதீந்திரநாத் தாஸ் 1929 செப்டம்பர் 13 அன்று உயிர்நீத்தார். நாடு முழுவதும் எழுந்த கொதிப்புக்குப் பிறகு, 1930 தொடக்கத்தில் அரசு ஏ, பி, சி என்ற வகுப்புகளைக் கொண்டுவந்தது. ஆனால் கோரியது எதுவோ அதைத் தரவில்லை. என்ன நோக்கத்துக்காகச் சிறைக்கு வந்தார் என்பதைக் கணக்கில் எடுக்காமல், அவருடைய சமூக நிலை, படிப்பு, வாழ்க்கைப் பழக்கம் ஆகியவற்றைக் கொண்டு வகுப்பு முடிவு செய்யப்பட்டது. வக்கீலும் மிராசுதாரரும் ஏ-யிலோ பி-யிலோ வைக்கப்பட்டார்கள். அதே நாளில், அதே கடற்கரையில், அதே உப்பை அள்ளிய கூலித் தொழிலாளி சி-யில் வைக்கப்பட்டார். சொந்த உடை, தனி உணவு, படிக்கப் புத்தகம், அதிகமான கடிதங்கள் எல்லாம் மேல்வகுப்புக்கு. சிறை உடை, களி, கல்லுடைப்பு எல்லாம் சி-க்கு.

இந்தப் பிரிவினை வெள்ளையர் ஆட்சியோடு முடிந்துவிடவில்லை, நம் நினைவுக்குள்ளும் புகுந்திருக்கிறது என்பது என் கருத்து. எழுதுகோலும் காகிதமும் மேல்வகுப்பில் கிடைத்தன. ஆகவே சிறை நினைவுகள் மேல்வகுப்பிலிருந்து வந்தன. ஆகவே சிறை என்றால் கீதை வகுப்பும் மொழிபெயர்ப்பும் விவாதமும் நடந்த இடம் என்ற சித்திரம் நம்மிடம் தங்கிவிட்டது. சி வகுப்புக் கைதியைத் தேடும்போது மேல்வகுப்புத் தலைவரின் நினைவுக் குறிப்பில் வரும் உணவையும் பொழுதையும் அப்படியே எடுத்து அவருக்குப் பொருத்திவிடாதீர்கள். சிறைத்துறைத் தலைவர் ஆண்டுதோறும் வெளியிட்ட நிர்வாக அறிக்கைகளில் கைதிகளின் எண்ணிக்கை, வேலை, நோய், இறப்பு, சிறைக்குள் தரப்பட்ட தண்டனைகள் ஆகியவை சிறைவாரியாக இருக்கும். சி வகுப்பின் வாழ்க்கையை அறிய அவையே நம்பகமான வழி. சுப்பிரமணிய சிவா சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்ததும், வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்ததும் வகுப்புகள் வருவதற்கு முந்தைய காலத்தவை என்பதையும் மறக்க வேண்டாம்.

பெண்களைத் தேடுவோர் வேலூர்ப் பெண்கள் சிறையிலிருந்து தொடங்கலாம். 1857 எழுச்சியைக் கொடுமையாக ஒடுக்கிய ஆங்கிலத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி 1927-ல் சென்னையில் நடந்த போராட்டத்தில் கடலூர் அஞ்சலையம்மாளும், உப்புப் போராட்டத்தில் ருக்மிணி லட்சுமிபதியும் சிறை சென்றது பலருக்கும் தெரியும். பெயர் அறியப்படாத பெண்களோ ஏட்டில் ‘இன்னாரின் மனைவி’ என்றே இருக்கக்கூடும் என்பதால் கணவர் பெயரிலும் தகப்பனார் பெயரிலும் சேர்த்துத் தேட வேண்டும். வயதில் சிறியவர்கள் தஞ்சாவூரிலிருந்த பார்ஸ்டல் பள்ளிக்கு, அதாவது இளங்குற்றவாளிகளுக்கான சீர்திருத்தப் பள்ளிக்கு, அனுப்பப்பட்டிருக்கலாம். பிரம்படி மட்டும் கொடுத்து விரட்டப்பட்டிருந்தால் எந்தச் சிறை ஏட்டிலும் பெயர் இராது.

தீர்ப்பில் உள்ள காலமும் உள்ளே இருந்த காலமும்

இரண்டும் ஒன்றல்ல. வ.உ.சி.க்கு 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே விதித்தது இரண்டு ஆயுள் தண்டனை, அதாவது 40 ஆண்டுத் தீவாந்தரம். மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. தீவாந்தரம் என்று தீர்ப்பில் எழுதியிருந்தும் அவர் அந்தமானுக்குப் போகவில்லை; கோவையிலும் கண்ணூரிலும் இருந்துவிட்டு 1912 டிசம்பர் 24 அன்று வெளியே வந்தார். தீர்ப்பை மட்டும் படித்து எழுதுபவர் காலத்தையும் தவறாக எழுதுவார், இடத்தையும் தவறாக எழுதுவார்.

காமராசருக்கு 1930-ல் விதிக்கப்பட்டது 2 ஆண்டு. 1931 மார்ச் 5 அன்று காந்தி – இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அலிப்புரத்திலிருந்து விடுதலையானார். அந்த மாதத்தில் வெளிவந்த ஆயிரக்கணக்கானோருக்கும் இதே நிலைதான். தனிநபர் சத்தியாக்கிரகிகள் 1941 டிசம்பரில் இப்படித் தண்டனைக் காலம் முடியுமுன் விடுவிக்கப்பட்டார்கள். நன்னடத்தைக்காகக் கழிக்கப்படும் நாட்கள், அபராதம் கட்ட மறுத்ததால் கூடும் மாதங்கள், விசாரணைக் கைதியாக உள்ளே கழிந்த வாரங்கள் ஆகியவற்றையும் கூட்டிக் கழிக்க வேண்டும். பாரதி 1918 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வெளியேறிக் கடலூரில் கைதாகிச் சில வாரம் சிறையில் இருந்தார். அவருக்குத் தண்டனையே விதிக்கப்படவில்லை. அத்தகைய சிறைவாசம் தண்டனைப் பட்டியல்களில் அகப்படாது.

ஆகவே ஒருவருக்கு ஐந்து தேதிகளைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: கைதான நாள், தண்டிக்கப்பட்ட நாள், ஒவ்வொரு சிறைக்கும் மாற்றப்பட்ட நாள், விடுதலையாகியிருக்க வேண்டிய நாள், உண்மையில் விடுதலையான நாள். கிடைக்காததை வெற்றிடமாகவே விடுங்கள்.

ஏடுகள் இருக்கும் இடம்

சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகமே முதன்மையான இடம். அடையாளச் சான்றும் அறிமுகக் கடிதமும் கேட்கக்கூடும். புறப்படும் முன் நடப்பு விதியைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நேரடியாகப் பெயரைச் சொல்லித் தேட இயலாது. துறை, ஆண்டு, அரசாணை எண், தேதி என்ற வழியில்தான் ஒரு கோப்பை வரவழைக்க முடியும். முதலில் அந்த ஆண்டுக்குரிய அச்சிட்ட அட்டவணையை எடுத்து, நீதித்துறை, பொதுத்துறை, சட்டத்துறை, உள்துறை ஆகியவற்றின்கீழ் ‘கைதிகள்’, ‘சிறைகள்’, ‘சட்டமறுப்பு’, ஊர்ப்பெயர் ஆகிய தலைப்புகளைப் பாருங்கள். பொதுத்துறையின் இரகசியக் கோப்புகளும், மாகாண அரசு டெல்லிக்கு மாதம் இருமுறை அனுப்பிய அறிக்கைகளும், தமிழ்ப் பத்திரிகைகள் எழுதியதை மொழிபெயர்த்து அதிகாரிகளுக்காக அச்சிட்ட அறிக்கைகளும் தனித் தொகுதிகளாக உள்ளன. ஒரு முழு நாள் அட்டவணையில் கழிந்து ஒரு கோப்பும் கையில் கிடைக்காமல் திரும்புவது இந்த வேலையில் இயல்பு.

பெயரின் எழுத்தமைப்பில் கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளைக்கார அதிகாரியோ குமாஸ்தாவோ காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் இவை. ச-வில் தொடங்கும் பெயர் ஆங்கில அகரவரிசையில் எஸ்ஸிலும் இருக்கும், சி-யிலும் இருக்கும். க-வில் தொடங்குவது கே-யிலும் ஜி-யிலும். த-வில் தொடங்குவது டி என்று ஒலிக்கும் இரண்டு எழுத்துகளிலும் இருக்கும். ழகரம் எந்த உருவமும் எடுக்கும். சாதிப் பட்டத்தைப் பெயராகவும், தகப்பன் பெயரைச் சொந்தப் பெயராகவும் மாற்றி எழுதியிருப்பார்கள். ஊர்களும் அப்படித்தான்: திருநெல்வேலி ‘டின்னவேலி’, தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’, கண்ணூர் ‘கண்ணனூர்’. இன்றைய மாவட்ட எல்லைகளை மறந்துவிட்டு, பழைய தாலுகா எது என்று பார்த்துத் தேடுங்கள். பெல்லாரியும் கண்ணூரும் ராஜமகேந்திரியும் அன்று நம் மாகாணச் சிறைகள். புதுக்கோட்டையும் திருவிதாங்கூரும் தனிச் சமஸ்தானங்கள் என்பதால் அங்கு நடந்தவற்றின் ஏடுகள் தனி. நாகர்கோவில் பக்கத்தவர்கள் திருவனந்தபுரத்திலும் தேட வேண்டியிருக்கும். புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தவை. அங்கு சட்டமும் மொழியும் வேறு.

டெல்லியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் உள்துறை அரசியல் பிரிவுக் கோப்புகளில் ஒரு பெரும்பகுதியை ‘அபிலேக் படல்’ என்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். சாதாரணத் தொண்டரின் பெயர் அதில் அரிதாகவே வரும். ஆனால் அவர் இருந்த சிறையில் அந்த ஆண்டு உண்ணாவிரதமோ தடியடியோ நடந்ததா என்பது தெரியவரும்.

கீழ்க்கோர்ட்டுக் கட்டுகள் காலவரம்பு முடிந்ததும் கழிக்கப்படுவது வழக்கம் என்பதால் அவற்றை அதிகம் நம்ப வேண்டாம். 1942-ல் திருவாடானையில் மக்கள் திரண்டு சிறையை உடைத்துச் சின்ன அண்ணாமலையை மீட்டது போன்ற நிகழ்ச்சிகள் நடந்த இடங்களில் ஏடுகளே எஞ்சாமல் போயிருக்கவும் கூடும். உயர் நீதிமன்றம்வரை போன வழக்குகள் சட்ட அறிக்கைத் தொகுதிகளில் அச்சாகியிருக்கின்றன. பழைய வழக்கறிஞர் சங்க நூலகங்களில் அவை கிடைக்கும்.

என் அனுபவத்தில் சாதாரணத் தொண்டருக்கு மிகப் பயன்படுவது ஓய்வூதியக் கோப்பு. தமிழக அரசின் திட்டம் 1966-லும், மத்திய அரசின் திட்டம் 1972-லும் வந்தன. மத்தியத் திட்டத்துக்கு ஆண்கள் குறைந்தது 6 மாதமும், பெண்களும் பட்டியல் வகுப்பினரும் பழங்குடியினரும் 3 மாதமும் சிறையில் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பித்தவர் தம் கதையைத் தம் கையாலேயே எழுதியிருப்பார்; உடன் இருந்தவர்கள் சான்றளித்திருப்பார்கள்; தாசில்தார் விசாரித்து அறிக்கை தந்திருப்பார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தாலும் கோப்பு கோப்புதான். ஏடு கிடைக்கவில்லை என்ற காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டவர்கள் பலர். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும், தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் அரசியல் ஓய்வூதியப் பிரிவுக்கும், சிறைத்துறைக்கும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுச் செய்யலாம். ‘என் தாத்தாவைப் பற்றிய அனைத்துத் தகவல்களும்’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற ஒரு வரிப் பதில்தான் வரும். குறிப்பிட்ட சிறையின் குறிப்பிட்ட ஆண்டுத் தண்டனைக் கைதிகள் பதிவேடு இருப்பில் உள்ளதா, இல்லையெனில் எந்த ஆணையின்படி அழிக்கப்பட்டது அல்லது எங்கே மாற்றப்பட்டது என்று கேளுங்கள். 20 ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்ச்சிகளுக்கு அச்சட்டத்தின் விலக்குகளில் பெரும்பாலானவை பொருந்தா என்று 8(3) சொல்வதை மனுவிலேயே குறிப்பிடுவது நல்லது.

பழைய நாளிதழ்களைச் சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பிற பெரிய நூலகங்களிலும் பாருங்கள். 1930–32-ல் சுதேசமித்திரன் ஊர்வாரியாகக் கைதுச் செய்திகளை வெளியிட்டது. தேதி தெரிந்தபின் போனால் ஒரு மணி நேர வேலை. தெரியாமல் போனால் மாதக்கணக்காகும்.

எழுதும்போது

கோப்பில் கிடைப்பது எல்லாம் பெருமையாக இராது. ‘இனி இயக்கத்தில் ஈடுபட மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்து வெளியே வந்த உறுதிமொழி ஒன்று கிடைக்கலாம். அதை மறைக்காதீர்கள், அதை மட்டும் வைத்து அவரைத் தீர்மானிக்கவும் வேண்டாம். அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது, நிலம் ஜப்தி செய்யப்பட்டதா, குழந்தை இறந்ததா, சிறையில் காலரா பரவியிருந்ததா, அவர் பிறகு மீண்டும் சிறைக்குப் போனாரா என்று பார்த்து, அவற்றோடு சேர்த்து எழுதுங்கள். காவல்துறைக்குத் தகவல் சொன்னவர் என்று கோப்பில் வரும் பெயர் உங்கள் ஊரில் இன்றும் வாழும் குடும்பத்தின் பெயராக இருக்கலாம். ஒரு காவலரின் குறிப்பை மட்டும் ஆதாரமாகக் கொண்டு அந்தப் பெயரை அச்சில் ஏற்றக் கூடாது.

அதிகாரியின் சொற்களை நம் சொற்களாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. கோப்பில் ‘கலகக்காரக் கும்பல்’ என்று இருந்தால், ‘கலகக்காரக் கும்பல் என்று அறிக்கை குறிப்பிடும் மக்கள்’ என்று எழுதுங்கள். கடுங்காவல், வெறுங்காவல் என்பதைக் குழப்பாதீர்கள். முன்னதில் கட்டாய உழைப்பு உண்டு, பின்னதில் இல்லை. குடும்பம் சொன்னது, ஏடு சொல்வது, நீங்கள் ஊகித்தது ஆகிய மூன்றும் படிப்பவருக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ‘இரண்டு வருடம் இருந்தார் என்று பேத்தி நினைவுகூர்கிறார், ஏட்டின்படி ஏழு மாதம்’ என்று எழுதுவதால் அந்த மனிதருக்கு எந்தக் குறைவும் வராது. ஏழு மாதமும் அவர் வாழ்நாளிலிருந்து பறிக்கப்பட்டவைதாம்.

உடன் தண்டிக்கப்பட்டவர்களின் பெயர்களையும் ஊர்களையும் உங்கள் கட்டுரையில் முழுமையாகத் தாருங்கள். அவர்களில் யாருக்கேனும் ஒரு பேரனோ பேத்தியோ எங்கேனும் தேடிக்கொண்டிருக்கலாம். எடுத்த ஒவ்வொரு நகலின் பின்புறத்திலும் துறை, அரசாணை எண், தேதி, நீங்கள் பார்த்த நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள். கட்டுரை முடிந்ததும் ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்கும், ஒன்றை மாவட்ட மைய நூலகத்துக்கும், ஒன்றை உடன் தண்டிக்கப்பட்டவர்களின் குடும்பங்களில் உங்களால் கண்டறிய முடிந்தவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.